கண்ணாடியில தெரியுற குடும்பக் காலண்டர்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க வீட்டு ஹால்ல ஒரு கண்ணாடி மாட்டியிருக்கேன். தலை சீவப் போனா முகமும் தெரியும், மேல மூலையில மணி, வெயில், இந்த வாரம் யாருக்கு என்ன வேலைன்னு வெள்ளை எழுத்துல வரிசையாவும் தெரியும். உள்ள இருக்கிறது ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட பழைய மானிட்டர், ராஸ்பெர்ரி பை 4ன்னு ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர், முன்னால ஒரு டூ-வே கண்ணாடி (பின்னால இருக்கிற வெளிச்சம் ஊடுருவித் தெரியுற கண்ணாடி), அவ்வளவுதான். மதுரைக்கு வர்ற சொந்தக்காரங்க, ஆபீஸ் நண்பர்கள்னு பார்க்கிறவங்க எல்லாம் கேக்குறாங்க, அதுல பாதிப்பேர் தாங்களும் ஒண்ணு செஞ்சிட்டு ராத்திரி பத்து மணிக்கு "காலண்டர் வரலியே"ன்னு வாய்ஸ் மெசேஜ் போடுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சதால எல்லாத்தையும் இங்க எழுதிட்டேன். ஒரு விஷயம் மட்டும், செட்டிங் பேரெல்லாம் நான் தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன், ஃபைல்ல அடிக்கும்போது ஆங்கிலத்துலதான் அடிக்கணும்.

இது என்ன சாஃப்ட்வேர், காசு கட்டணுமா?

பேரு மேஜிக் மிரர். மைக்கேல் டியூன்னு நெதர்லாந்துக்காரர் ஒருத்தர் 2014ல தன் வீட்டுக்காக ஆரம்பிச்சது, 2016ல ரெண்டாவது வெர்ஷன் வந்தப்ப யார் வேணா மாட்யூல் (ஒரு வேலையைப் பார்க்கிற குட்டிப் பகுதி) எழுதிச் சேர்க்கலாம்னு ஆச்சு. ஓப்பன் சோர்ஸ், எம்ஐடி லைசென்ஸ், காசு கிடையாது. மணி, வானிலை, நியூஸ், காலண்டர் எல்லாம் கூடவே வரும், தனியா இறக்க வேண்டியதில்ல. இந்தப் பக்கம் முழுக்க அந்தக் காலண்டர் மாட்யூலைப் பத்திதான். கண்ணாடி எங்க வாங்குறது, ஃப்ரேம் எந்த ஆசாரி செஞ்சாருங்கிறதெல்லாம் நேர்ல வாங்க சொல்றேன்.

போன்ல இருக்கிற காலண்டர் கண்ணாடிக்கு எப்படிப் போகுது?

கூகுள், ஐகிளவுட், அவுட்லுக் எதுவானாலும் ஒவ்வொரு காலண்டருக்கும் ஐசிஎஸ்னு முடியுற ஒரு லிங்க் எடுக்கலாம். கண்ணாடி அந்த லிங்கை கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் படிச்சிட்டு வரும். படிக்க மட்டும்தான் தெரியும், கண்ணாடியில நின்னு எதையும் எழுத முடியாது. எழுதுறது எப்பவும் போன்லதான். இதை முதல்லயே வீட்ல சொல்லிடுங்க, எங்க மாமா வந்தப்ப கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து கைரேகை அழிக்கவே ஒரு நாள் ஆச்சு.

கூகுள்ல அந்த லிங்க் எங்க இருக்கு? ஆப்ல தேடித் தேடிப் பார்த்துட்டேன்.

ஆப்ல கிடைக்காது. கம்ப்யூட்டர்ல பிரவுசரைத் திறந்து கூகுள் காலண்டர் போங்க, செட்டிங்ஸ்ல இடது பக்கம் உங்க காலண்டர் பேரைத் தட்டுங்க, கீழ இன்டகிரேட் காலண்டர்னு ஒரு பகுதி வரும், அதுல கடைசியா சீக்ரெட் அட்ரஸ் இன் ஐகேல் ஃபார்மட்னு இருக்கிறதுதான் வேணும். அதுக்கு மேலயே பப்ளிக் அட்ரஸ்னு ஒண்ணு இருக்கும், அதை எடுத்தீங்கன்னா காலண்டரை ஊருக்கே திறந்துவிட்டாத்தான் வேலை செய்யும், வேண்டாம்.

சீக்ரெட்னு சும்மா பேர் வைக்கல. அந்த லிங்க் யார் கையில கிடைச்சாலும் பாஸ்வேர்டு இல்லாமயே உங்க காலண்டர் முழுக்கப் படிக்கலாம். உதவி கேக்குறேன்னு கான்ஃபிக் ஃபைலை (இந்த லிங்க், செட்டிங் எல்லாம் எழுதி வைக்கிற மேஜிக் மிரர் ஃபைல்) அப்படியே குரூப்ல போடுறவங்க நிறைய, லிங்கை அழிச்சிட்டுப் போடுங்க. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா அதே இடத்துல ரீசெட் பட்டன் இருக்கு, அமுக்கினா பழைய லிங்க் செத்துடும், புதுசைக் கண்ணாடியில மாத்திக்கலாம்.

ஐபோன்காரங்க காலண்டரை பப்ளிக் காலண்டரா ஷேர் பண்ணாத்தான் லிங்க் வரும், அது வெப்கேல்னு ஆரம்பிக்கும், அந்த இடத்துல ஹெச்டிடிபிஎஸ்னு மாத்திப் போடுங்க.

லிங்க் போட்டாச்சு, கண்ணாடி பூரா கருப்பா இருக்கு.

கமா. பத்துக்கு ஒன்பது தடவை கமாதான். கான்ஃபிக் ஃபைல்ல ஒரு காலண்டருக்கு அப்புறம் இன்னொண்ணு சேர்க்கும்போது நடுவுல கமா விட்டுப்போயிருக்கும், இல்லன்னா போன்ல இருந்து காப்பி பண்ணினதால நேர் மேற்கோள் குறிக்குப் பதிலா வளைஞ்ச மேற்கோள் குறி வந்திருக்கும். கண்ணால தேடாதீங்க, டெர்மினல்ல மேஜிக் மிரர் ஃபோல்டருக்குள்ள போய் என்பிஎம் ரன் கான்ஃபிக் கோலன் செக்னு (npm run config:check) அடிங்க, எந்த வரில தப்புன்னு அதுவே சொல்லும். சரி பண்ணினதும் ரீஸ்டார்ட் பண்ணணும், ஃபைலை சேவ் பண்ணினா மட்டும் போதாது.

மத்ததெல்லாம் தெரியுது, காலண்டர் மட்டும் வரலன்னா லிங்க்ல சிக்கல். கூகுளோட இந்திய விடுமுறை காலண்டர் சேர்க்கிறவங்களுக்கு இது வரும், அந்த லிங்க்ல # குறி நேரா இருக்கக் கூடாது, %23ன்னு இருக்கணும், @ இருந்தா %40.

போன்ல போட்டேன், கண்ணாடியில வரவே இல்ல. கெட்டுப்போச்சா?

கெடல. இதுக்கு மூணு காரணம் இருக்கு, எங்க வீட்ல மூணும் நடந்திருக்கு.

ஒண்ணு, தப்பான காலண்டர்ல போட்டிருப்பீங்க. குடும்பக் காலண்டர்னு தனியா ஒண்ணு வச்சிருந்தாலும் போன்ல புதுசா ஒண்ணு சேர்க்கும்போது அது உங்க சொந்தக் காலண்டர்லதான் போய் உக்காரும், கீழ பேரைத் தட்டி மாத்தணும். ஆப் செட்டிங்ஸ்ல டீஃபால்ட் காலண்டர்னு இருந்தா அதைக் குடும்பம்னு மாத்தி வச்சிட்டா இந்தத் தொல்லை பாதி போயிடும். என் மனைவி போன்ல இதை நான் மாத்தாம விட்டதால ஒரு பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நான் போகாம "கண்ணாடியில இல்லியே"ன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேன். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எனக்கு கொஞ்சம் லேட்டாத்தான் வந்துச்சு.

ரெண்டு, ஈவென்ட்டுக்குப் பதிலா டாஸ்க்னு போட்டிருப்பீங்க. பிளஸ்ஸைத் தட்டினா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். டாஸ்க் அந்த ஐசிஎஸ் லிங்க்ல வராது, எத்தனை நாள் காத்திருந்தாலும் வராது.

மூணாவது, கண்ணாடி இன்னும் போய்ப் பார்த்திருக்காது. ஃபெட்ச் இன்டர்வெல்னு ஒரு செட்டிங் இருக்கு, மில்லிசெகண்டுல கணக்கு. பத்து நிமிஷம்னா 600000. அதுக்குக் கீழ போகாதீங்க, நிமிஷத்துக்கு நாலு தடவை கேட்டா கூகுள் கொஞ்ச நேரத்துக்குப் பதிலே சொல்லாது. இதுல இன்னொரு கூத்து, சில பேர் ஸ்கூல் காலண்டர் லிங்கை முதல்ல கூகுள்ல சேர்த்துட்டு அதைக் கண்ணாடிக்குக் கொண்டு போகப் பார்க்கிறாங்க. வெளி லிங்கை கூகுள் தன் பக்கம் புதுப்பிக்கவே 12 மணி நேரம் வரை எடுக்கலாம். ஸ்கூல் லிங்கை நேரா கண்ணாடிக்கே கொடுத்துடுங்க.

எல்லாருக்கும் ஒரே காலண்டரா, ஆளுக்கு ஒண்ணா?

நாங்க ஆளுக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சோம், அஞ்சு பேருக்கு அஞ்சு கலர். பார்க்க ஹோலிப் பண்டிகை மாதிரி இருந்துச்சு, ரெண்டே வாரத்துல எடுத்துட்டேன். இப்ப இருக்கிறது மூணு: வீடு, பொண்ணோட ஸ்கூல், பஞ்சாங்கம். "வீடு" காலண்டரை எல்லாருக்கும் ஷேர் பண்ணி, மாத்தி எழுதுற உரிமையும் கொடுத்தாச்சு. கூகுள்ல ஃபேமிலி குரூப் வச்சிருந்தா ஃபேமிலின்னு ஒரு காலண்டர் தானாவே உருவாகியிருக்கும், அதையே எடுத்துக்கலாம், ஆனா அந்த குரூப்ல மொத்தம் ஆறு பேர்தான். எங்க வீட்ல சித்தப்பா குடும்பமும் மாடியில இருக்கிறதால நான் தனியாவே உருவாக்கிட்டேன்.

கலர் பத்தி ஒண்ணு. கண்ணாடிக்குப் பின்னால கருப்பா இருக்கிற இடம்தான் கண்ணாடியாத் தெரியும், வெளிச்சமான எழுத்து மட்டும்தான் வெளிய வரும். அதனால அடர் சிவப்பு, நீலம், ஊதா எல்லாம் மானிட்டர்ல அழகா இருக்கும், கண்ணாடிக்குப் பின்னால போனதும் செத்துப்போகும். பகல்ல ஜன்னல் வெளிச்சம் வேற அடிச்சா சுத்தமாத் தெரியாது. எழுத்தை வெள்ளையாவே விட்டுட்டு முன்னால வர்ற சின்ன ஐகானுக்கு மட்டும் மஞ்சள், வெளிர் பச்சைன்னு கொடுங்க, போதும்.

எத்தனை வரி காட்டலாம்?

மேக்ஸிமம் என்ட்ரீஸ் செட்டிங்ல 10ன்னு இருக்கும். நான் ஆர்வத்துல 20 ஆக்கினேன். கண்ணாடி முன்னால ஒருத்தர் எவ்வளவு நேரம் நிக்கிறார்னு ஒரு நாள் காலையில உக்காந்து கவனிச்சுப் பாருங்க. பொண்ணு பின்னல் போடுற நேரம், நான் ஷேவ் பண்ணினதும் ஒரு தடவை பார்க்கிற நேரம், அம்மா பொட்டு வைக்கிற நேரம், அதுல பொட்டு வைக்கிறப்ப அம்மா கண்ணு எழுத்துக்கே போகாது. இதுல இருபது வரியை யார் படிக்கிறது? அடுத்த மாசத்துக் கல்யாணம் பத்தொன்பதாவது வரில இருந்தா இன்னைக்குச் சாயங்காலம் டியூஷன் ஃபீஸ் கட்டணும்ங்கிறது மேல இருந்தும் கண்ணுல படாது.

இப்ப 6 வரி. மேக்ஸிமம் நம்பர் ஆஃப் டேஸ் 10, அதாவது பத்து நாளைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது எதுவும் வராது. ஒவ்வொரு காலண்டருக்கும் தனித்தனியாவும் இந்த ரெண்டையும் போடலாம், அது இன்னும் நல்லது, பஞ்சாங்கம் 1, ஸ்கூல் 2ன்னு அளந்து விட்டிருக்கேன். கீழ போகப் போக எழுத்து மங்குறது பிடிக்கலன்னா ஃபேட் செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்குங்க, வயசானவங்க இருக்கிற வீட்ல கண்டிப்பா ஆக்குங்க.

"இன்னும் 3 நாளில்"னு வருது, தேதி வேணும்.

டைம் ஃபார்மட்ல மூணு வகை இருக்கு. ரிலேட்டிவ்னா இன்னும் இத்தனை நாள்னு காட்டும், அப்சல்யூட்னா தேதி, டேட் ஹெடர்ஸ்னா நாள் பேரைத் தலைப்பாப் போட்டு அதுக்குக் கீழ அன்னைக்கு இருக்கிறதையெல்லாம் அடுக்கும். நான் மூணாவதுதான் வச்சிருக்கேன். ரிலேட்டிவ்ல ராத்திரி பதினொரு மணிக்குப் பார்க்கிறப்ப நாளைக் காலை நாலு மணி ரயில் "5 மணி நேரத்தில்"னு வரும், தூக்கக் கலக்கத்துல அதுக்குக் கணக்குப் போடணும். கல்யாண வீட்டுக்காரங்க மாதிரி நாள் எண்ணிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அது பிடிக்கும்.

தமிழ்ல போட்டா கட்டம் கட்டமா வருது.

ராஸ்பெர்ரி பைல தமிழ் எழுத்துரு இல்ல. மேஜிக் மிரர் கூட வர்றது ரோபோட்டோ, அதுல தமிழ் கிடையாது. லோஹித் தமிழோ நோட்டோவோ ஏதாவது ஒண்ணை ஆப்ட்ங்கிற கட்டளை வழியா இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும். எழுத்து ரொம்ப மெலிசாத் தெரிஞ்சா தோற்றத்தை மாத்துற கஸ்டம் சிஎஸ்எஸ் ஃபைல்ல ஃபான்ட் வெயிட்டை (எழுத்தோட தடிமன்) 400க்கு ஏத்துங்க, சுழி, கொம்பெல்லாம் அப்பத்தான் தூரத்துல இருந்து பிரிஞ்சு தெரியும்.

லாங்குவேஜ் செட்டிங்கையே தமிழ்னு மாத்தலாமான்னு ஒருத்தர் கேட்டார். மாத்திப் பாருங்க, வேடிக்கையா இருக்கும். தேதி, நேரம் எழுத அது மொமன்ட்னு ஒரு லைப்ரரியை நம்பியிருக்கு, அதுல தமிழ் சேர்த்தவர் யாரோ நல்ல தமிழ் ஆர்வலர். கிழமை பேர் தமிழ்ல வரும், சந்தோஷம். ஆனா எண்ணும் தமிழ் எண்ணா மாறிடும், 18ங்கிறது ௧௮ன்னு வரும். காலை, மாலையோட வைகறை, நண்பகல், எற்பாடு, யாமம்னு சிறுபொழுதெல்லாம் வேற உள்ள வச்சிருக்காங்க. என் பொண்ணுக்கு ஸ்கூல்ல எற்பாடு பாடத்துல வந்ததால அவளுக்கு மட்டும் புரிஞ்சுச்சு. மணி என்னன்னு பார்க்க வந்த அப்பத்தா ஒரு நிமிஷம் உத்துப் பார்த்துட்டு "ஏப்பா, கண்ணாடிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா"ன்னாங்க. திரும்ப ஆங்கிலத்துக்கே மாத்திட்டேன், தலைப்புகளை மட்டும் நாங்களே தமிழ்ல அடிக்கிறோம்.

தமிழ்த் தலைப்பு பாதில வெட்டுப்படுது, ஆங்கிலத்துல இதைவிடப் பெருசா இருக்கிறது முழுசா வருதே?

நல்ல கேள்வி, எனக்கும் ரொம்ப நாள் புரியல. மேக்ஸ் டைட்டில் லெங்த் 25. நமக்குத் "தண்ணீர் கேன் காரருக்கு பணம்"ங்கிறது 14 எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளி தனி, கொம்பு தனி, சுழி தனி, அது "ர்"ஐ ரெண்டா எண்ணும், நடுவுல இருக்கிற இடைவெளியையும் சேர்த்து 27ன்னு கணக்கு வரும். அதனால "தண்ணீர் கேன் காரருக்கு பண"ன்னு நறுக்கி மூணு புள்ளி வச்சிடும். 26ன்னு ஆக்கினா இன்னும் மோசம், "பணம"ன்னு புள்ளி இல்லாத மகரத்தோட நிக்கும். 50ன்னு வச்சிட்டு, ராப் ஈவென்ட்ஸை ட்ரூ ஆக்குங்க, நீளமா இருந்தா அடுத்த வரிக்கு மடங்கும். அதைவிட, சுருக்கமா எழுதப் பழகுறது நல்லது. "கேன் பணம்"னா யாருக்குப் புரியாது?

ஐகான் தானா மாறுமா?

மாறும். கஸ்டம் ஈவென்ட்ஸ்னு ஒரு பகுதி சேர்த்து, தலைப்புல இந்தச் சொல் இருந்தா இந்த ஐகான், இந்தக் கலர்னு எழுதி வைக்கலாம். ஐகானெல்லாம் ஃபான்ட் ஆஸம்ங்கிற ஐகான் தொகுப்புல இருந்து வருது, பேரை மட்டும் போட்டாப் போதும். எங்க வீட்ல "இபி"ன்னு இருந்தா மின்னல், "கேஸ்"னா தீ, "மாத்திரை"ன்னா மாத்திரை, "கோவில்"னா கோபுரம். ஆமா, அந்த ஃபான்ட்ல நெசமாவே கோபுரம்ங்கிற பேர்லயே ஒரு ஐகான் இருக்கு, முதல் தடவை பார்த்தப்ப நானே நம்பல. ஒரு எச்சரிக்கை, சொல் எங்க இருந்தாலும் பிடிச்சுக்கும், அதனால "கேஸ்"னு வச்சதுல வக்கீலைப் பார்க்கப் போற சித்தப்பா கோர்ட்டு கேஸுக்கும் தீ எரிஞ்சுச்சு. "கேஸ் சிலிண்டர்"னு மாத்திட்டேன்.

பழைய வெர்ஷன்கள்ல டைட்டில் ரீப்ளேஸ்னு இன்னொண்ணு இருந்துச்சு, அது தலைப்புல இருக்கிற வேண்டாத சொல்லை அழிக்கும். அதைத் திறந்து பார்த்தா டச்சு மொழியில பிறந்தநாளுக்கு ஒரு வரி ஏற்கனவே இருக்கும், ஆரம்பிச்சவர் ஊர் ஞாபகம்.

பிறந்தநாளை வருஷா வருஷம் ரிப்பீட் போட்டுட்டேன். நட்சத்திரப் பிறந்தநாள், தெவசம் எல்லாம் எப்படி?

ரிப்பீட் போடாதீங்க. ஆங்கிலத் தேதிக்கு ரிப்பீட் சரி. நட்சத்திரம் பார்க்கிறவங்களுக்குத் தமிழ் மாசமும் நட்சத்திரமும் சேர்ந்து வர்ற நாள், தெவசத்துக்கு மாசமும் திதியும். ரெண்டும் சந்திரனை வச்சு ஓடுறது, காலண்டர் தேதியோட ஒட்டாது, ஒரு வருஷம் முன்னால வரும், அடுத்த வருஷம் ரெண்டு வாரம் தள்ளிப் போகும். ஒரே தமிழ் மாசத்துல அதே நட்சத்திரம் ரெண்டு தடவை வர்றதும் உண்டு, அப்ப எதை எடுக்கிறதுன்னு வீட்டுக்கு வீடு வழக்கம் வேற. இதைக் கம்ப்யூட்டர்கிட்ட விடவே கூடாது.

தாத்தாவோட தெவசத்தை நான் புத்திசாலித்தனமா ரிப்பீட் போட்டு வச்சிருந்தேன். மறு வருஷம் கண்ணாடி ஒரு தேதி காட்டுச்சு, நானும் லீவு போட்டாச்சு, ஐயருக்குச் சொல்லப் போனா அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிட்டு "தம்பி, திதி போன வாரமே போயிடுச்சே"ன்னார். அப்பத்தா ஒண்ணும் சொல்லல. அவங்க ஒண்ணும் சொல்லாததுதான் பெரிய விஷயம். அடுத்து வந்த அமாவாசைக்குச் செஞ்சோம். இப்ப ஒவ்வொரு வருஷமும் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அப்பத்தா பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொல்ல, பொண்ணு போன்ல அடிப்பா. ஒரு மணி நேர வேலை.

அமாவாசை, பிரதோஷம், ராகு காலம் எல்லாம் வருமா?

நீங்க போட்டா வரும். அமாவாசைக்கும் அமாவாசைக்கும் நடுவுல சுமார் இருபத்தொம்பதரை நாள், "மாசத்துக்கு ஒரு தடவை"ன்னு ரிப்பீட் போட்டா சறுக்கிட்டே போகும். ஒரு வருஷத்துக்கு உள்ளதை எக்ஸல்ல அடிச்சு சிஎஸ்வியா மாத்தி கூகுள்ல இம்போர்ட் பண்ணுங்க, இதுவும் கம்ப்யூட்டர்லதான் முடியும். தலைப்பு வரியில சப்ஜெக்ட், ஸ்டார்ட் டேட்னு இருந்தாப் போதும். தேதியை மாசம் முதல்ல, நாள் அடுத்துன்னு அடிக்கணும், நம்ம பழக்கத்துல 05/07ன்னு அடிச்சா ஜூலை 5 போய் மே 7ல உக்காரும். ஃபைலை யூடிஎஃப் 8ல சேவ் பண்ணுங்க, இல்லன்னா தமிழ் எழுத்து கொத்துக்கறியாயிடும். முக்கியமா, இதுக்குன்னு தனியா ஒரு காலண்டர் உருவாக்கி அதுக்குள்ள இம்போர்ட் பண்ணுங்க. தப்பாப்போனா அந்தக் காலண்டரையே அழிச்சிட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாம். "வீடு" காலண்டருக்குள்ள இம்போர்ட் பண்ணிட்டு அறுபது ஈவென்ட்டை ஒவ்வொண்ணா அழிச்ச ஆள் சொல்றேன், கேளுங்க.

ராகு காலம் ரொம்ப சுலபம், வாரா வாரம் அதே நேரம்தான், ஏழு ஈவென்ட் போட்டு வாராந்திர ரிப்பீட். "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா"ன்னு பெரியவங்க சொல்றதை ஞாபகம் வச்சுக்கிட்டா ஆச்சு: திங்கள் 7:30, சனி 9, வெள்ளி 10:30, புதன் 12, வியாழன் 1:30, செவ்வாய் 3, ஞாயிறு 4:30, எல்லாமே ஒன்றரை மணி நேரம். சூரிய உதயத்தை வச்சு நுணுக்கமாப் பார்க்கிறவங்களுக்குச் சில நிமிஷம் மாறும், இது ஆறு மணிக்கு விடியுதுன்னு வச்சுப் போட்ட கணக்கு. இந்தக் காலண்டருக்கு மேக்ஸிமம் என்ட்ரீஸ் 1ன்னு கொடுங்க, அடுத்து வர்றது மட்டும் தெரியும். கொடுக்கலன்னா ஆறு வரியும் ராகுவே பிடிச்சுக்குவார்.

இபி பில், ரீசார்ஜ் மாதிரி வர்றதுக்கு?

இபிக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னு கஸ்டம் ரிப்பீட். ரீடிங் எடுக்கிற தேதி முன்னப்பின்ன ஆகும், அதனால ஒரு வார அவகாசம் விட்டு "இபி பார்"னுதான் போட்டிருக்கேன். போன் ரீசார்ஜ் 28 நாள் பிளான்னா மாசம்னு போடாதீங்க, 4 வாரத்துக்கு ஒரு தடவைன்னு போடுங்க, 84 நாள்னா 12 வாரம். கிழமை மாறவே மாறாது, அப்பாவோட நம்பருக்கு எப்பவும் செவ்வாய்க்கிழமை.

விருந்தாளி வந்தா எல்லாத்தையும் படிக்கிறாங்களே?

படிப்பாங்க. ஹால்ல மாட்டினா படிக்கத்தான் செய்வாங்க. டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பொண்ணு பார்க்க வர்றது, கடன் தவணை இதெல்லாம் சுவத்துல எழுதி ஒட்டுவோமா? ஈவென்ட்டைப் பிரைவேட்னு மாத்திட்டு ஹைட் பிரைவேட்டை ட்ரூ ஆக்கினா அது கண்ணாடிக்கு வராது. எக்ஸ்க்ளூடட் ஈவென்ட்ஸ்ல சொல் கொடுத்தும் மறைக்கலாம், நாங்க தலைப்புல ஒரு சொல் வச்சிருக்கோம், அது இருந்தா மறையும், என்ன சொல்லுன்னு மட்டும் கேக்காதீங்க. உங்க ஆபீஸ் காலண்டரைக் கண்ணாடிக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க.

இதே மாதிரி, வெளியூர்ல இருந்து பார்க்கணும்னு ரவுட்டர்ல மேஜிக் மிரரோட 8080 போர்ட்டைத் திறந்து விடுறதும் வேண்டாம். வெளியூர்ல இருக்கும்போது போன்லயே காலண்டர் இருக்கே.

எல்லாமே அஞ்சரை மணி நேரம் தள்ளித் தெரியுது.

ராஸ்பெர்ரி பை லண்டன் நேரத்துல ஓடுது. ராஸ்பி கான்ஃபிக்ல லோக்கலைசேஷன் போய் டைம் ஸோனை ஏஷியா கொல்கத்தான்னு மாத்தி ரீபூட் பண்ணுங்க. தம்பி சிங்கப்பூர்ல இருந்து போடுற ஈவென்ட் தப்பா வருதான்னு பயப்பட வேண்டாம், அவன் ராத்திரி 9:30ன்னு போட்டா இங்க 7:00ன்னுதான் வரும், வீடியோ கால் நேரம் ரெண்டு பக்கமும் சரியா இருக்கும். நாள் முழுக்கன்னு போடுற ஈவென்ட்டுக்கு மணி கிடையாது, அது எங்க பார்த்தாலும் அதே தேதி.

மாசம் முழுக்கக் கட்டமாத் தெரியணும்.

கூட வர்ற மாட்யூல் பட்டியல் மட்டும்தான் காட்டும். காலண்டர் எக்ஸ்ட் 3ன்னு ஒரு மாட்யூல் இருக்கு, மாசம், வாரம்னு கட்டம் போட்டுக் காட்டும். அது தகவலைப் பழைய காலண்டர் மாட்யூல்ல இருந்துதான் வாங்கும், அதனால பழசைக் கான்ஃபிக்ல இருந்து தூக்கிடாதீங்க, பொசிஷன் வரியை மட்டும் எடுத்துட்டா அது உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். முன்னால நான் சொன்ன 6 வரி, 10 நாள் கணக்கையும் இதுக்காக ஏத்தணும், இல்லன்னா மாசக் கட்டம் பாதி காலியா நிக்கும். என் கண்ணாடி சின்னது, கட்டம் போட்டா முகம் தெரியல, எடுத்துட்டேன்.

கரண்ட் போயிட்டு வந்தா?

பிஎம்2ன்னு புரோகிராமைத் தானா ஓட வைக்கிற ஒரு டூல் இருக்கு, அதைப் போட்டு வச்சா தானா ஆரம்பிக்கும். திடீர்னு நின்னு நின்னு வந்தா மெமரி கார்டு கெட்டுப்போகும், எனக்கு ஒரு ஆடி மாசக் காத்துல போச்சு. வைஃபை ரவுட்டருக்கு வச்சிருக்கிற சின்ன யுபிஎஸ் மாதிரி ஒண்ணு வைங்க, ராஸ்பெர்ரி பைக்கு 5 வோல்ட் வேணும், அதைப் பார்த்து வாங்குங்க. கான்ஃபிக் ஃபைலை மட்டும் ஒரு காப்பி எடுத்து வேற எங்கயாவது வச்சிடுங்க, மத்ததெல்லாம் ஒரு மணி நேரத்துல திரும்ப ஏத்திடலாம்.

அப்ப டெய்லி காலண்டர் இனிமே வேண்டாமா?

கண்ணாடிக்கு இடது பக்கம் ஆணியில அது தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு. காலையில எழுந்ததும் அப்பத்தாதான் தாளைக் கிழிப்பாங்க, வேற யாரும் கிழிச்சா பிடிக்காது. கிழிச்ச தாளைப் படிச்சிட்டு, அப்புறம் கண்ணாடியைப் பார்த்து ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு சரி பார்ப்பாங்க. போன மாசம் பிரதோஷம் ஒரு நாள் தள்ளி இருந்துச்சு. சிஎஸ்வில நான் அடிச்சதுதான் தப்பு.